மணமேடையும் மெல்லிசை மேடையும்

கோவை நகரின் கலியாண மண்டபங்களில் மாலை வரவேற்பு என்றால், மணமக்கள் நிற்கும் மேடைக்கு அருகே மற்றொரு மேடையும் அமைவது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. கீபோர்டு, கிதார், தபேலா, டிரம்ஸ் ஆகியவற்றோடு மெல்லிசைக் குழுவினர் அதில் அமர்ந்து, திரைப்பாடல்களை உள்ளவாறே பாடிக்காட்டுகின்றனர். நம்மவர் சிலரது விருந்துகளிலும் இது நுழைந்திருக்கிறது. இக்குழுக்களை வெறுத்துரைப்போரும் உளர். விரும்பி அழைப்போரும் உளர். அவர்கள் பாடும் பாட்டைக் கலையாகக் கருதித் திறனாய்வோரே அரியர்.

இசைக்கருவிகள் கூடுமா என்னும் வினாவில், பெரும்பாலான இமாம்கள் தஃப் போன்ற சிலவற்றைத் தவிர ஏனையவற்றை விலக்கினர். இப்னு ஹஸ்ம் (ரஹ்) போன்றோர் மாறுபட்டனர். அவ்வழக்கு ஃபிக்ஹு நூல்களுக்குரியது. நாம் எடுத்துக்கொண்டது பாட்டு. அதனை அளக்கவும் நபிமொழியிலேயே ஓர் அளவுகோல் இருக்கிறது.

ருபைய்யிஉ பின்த் முஅவ்வித் (ரலி) அவர்களின் மணம் முடிந்த காலை, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவ்வீட்டிற்கு வருகை தந்தார்கள். சிறுமியர் தஃப் கொட்டி, பத்ருப் போரில் வீழ்ந்த தம் முன்னோரைப் பாடிக்கொண்டிருந்தனர். இடையே ஒரு சிறுமி, நாளை நடப்பதை அறியும் நபி நம்மிடையே உள்ளார் என்ற பொருள்படப் பாடினாள். அண்ணலார் பாட்டை நிறுத்தவில்லை. அந்த ஒரு கூற்றை விட்டுவிட்டு, முன்பு பாடியதையே பாடுமாறு பணித்தார்கள். ஸஹீஹுல் புகாரியில் பதிவான செய்தி இது.

வாசகர்கள் இங்கே இரண்டினைக் கருத வேண்டும். மண வீட்டுப் பாட்டாயினும் அதன் சொல் உண்மையாயிருக்க வேண்டும் என்பது ஒன்று. அப்பாட்டு அந்த வீட்டிற்கே உரியதாயிருந்தது என்பது மற்றொன்று. மணமகளின் தந்தை முஅவ்வித் (ரலி) பத்ரில் ஷஹீதானவர் அல்லவா? இரங்கற்பாட்டு மணநாளுக்கு ஆகாது என்று யாரும் கருதவில்லை; தந்தையில்லா மகளின் மணத்தில் தந்தை நினைவுகூரப்பட்டார்.

கொங்கு நாட்டிற்கும் இவ்வளவுகோல் புதிதன்று. கொங்கு வேளாளர் திருமணத்தில் குடிமகன் எனப்படும் நாவிதர் பாடும் மங்கல வாழ்த்தினை நோக்குக. கம்பர் இயற்றியதென்பது வழிவழி வந்த நம்பிக்கை. அம்மணத்தின் சடங்குகளையும் சீர்களையுமே அது முறையாகச் சொல்லிச் செல்கிறது. சொல் கேட்கும்படி மேளம் அடங்கி நிற்கிறது. நம் உமறுப் புலவரும் சீறாப்புராணத்தில் கதீஜா நாயகியார் மணத்திற்கும் பாத்திமா நாயகியார் மணத்திற்கும் தனித்தனிப் படலம் வகுத்தார். பாட்டு மணத்திற்கு உரியது என்பதே இவற்றின் மரபு.

இனி வரவேற்பு மேடைக்கு வருவோம். அங்கே பாடப்படுவது எவரோ ஒரு கதாநாயகன் எவளோ ஒரு நாயகியை நோக்கிப் பாடியது. மெட்டு பிரபலமானதென்ற ஒரே காரணத்தால், காதல் முறிந்தவனின் புலம்பலும் மாலையிட்ட மணமக்கள் முன் முழங்குகிறது. இதன் குறை சோகமன்று. அச்சோகம் அவ்வீட்டில் எவருக்கும் உரியதன்று என்பதே. ஒலிபெருக்கியின் இரைச்சலிலோ, பக்கத்தில் அமர்ந்த உறவினரை நலம் விசாரிக்கவும் இயலவில்லை. வாழ்த்த வந்தோர் சைகை காட்டித் திரும்புகின்றனர்.

எனினும் பாடுவோரை இகழ்வது முறையன்று. பிறர் பாட்டைப் பிழையின்றிச் சொல்வது பண்டை அரபு நாட்டில் மதிப்புமிக்க கலையாக விளங்கியது. அதனைச் செய்தவர் ராவி எனப்பட்டார். அவ்ஸ் இப்னு ஹஜரின் ராவியாய் இருந்த ஸுஹைர், பின்னர் முஅல்லகா பாடிய பெருங்கவிஞர் ஆனார். ஸுஹைரின் ராவியாகிய ஹுதைஆவும் கவிஞரானார். தமிழிலும் இதற்குச் சான்று உண்டு. அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவோடு ஊர் ஊராய் மேடையேறியவர்தாம் 1976இல் 'அன்னக்கிளி' படத்திற்கு இசையமைத்த இளையராஜா. எனவே நகல் செய்வது இழிவன்று. கற்றுக்கொள்ளாமல் நகல் செய்வதே இழிவு.

ராவிக்கு ஒரு கடமை உண்டு: பாட்டு யாருடையதென்று சொல்லுதல். நம் மேடைகளில் படத்தின் பெயரும் நடிகரின் பெயரும் அறிவிக்கப்படுகின்றன. இயற்றிய கவிஞர் மறைந்துபோகிறார். 'டவுன் பஸ்' (1955) படத்திற்குக் கவி கா. மு. ஷெரீப் எழுதிய பாட்டொன்று ஒலிக்கும்போது, அது நம் சமுதாயத்துக் கவிஞர் ஒருவரின் சொல் என்று அவையில் எத்தனை பேர் அறிவர்?

பொறுப்பு குழுவினருடையது மட்டுமன்று. வந்தவர் சீட்டில் எழுதிக் கொடுப்பதை அவர்கள் பாடுகின்றனர். கூலி தருபவரின் சுவையே அங்கே ஆள்கிறது. ஆகவே, மண்டபத்திற்கு முன்பணம் கொடுக்கும் பெற்றோர், உணவுப் பட்டியலைப் பார்ப்பதுபோல் பாட்டுப் பட்டியலையும் சொல் சொல்லாகப் பார்த்தல் வேண்டும். இச்சொல் உண்மையா, நம் பிள்ளைகளுக்குப் பொருந்துமா என்று கேட்டல் வேண்டும். ஒலியைத் தணிக்கச் சொல்லுதல் வேண்டும். ஊரில் தமிழறிந்தவர் ஒருவரிடம் மணமக்களின் பெயரும் குடும்பமும் அமைந்த வாழ்த்துப்பா ஒன்றை எழுதி வாங்கினால் இன்னும் நன்று. பந்திக்கு ஆகும் செலவில் அது ஓர் இலைக்குக்கூடக் காணாது. பந்தி அன்றே முடிந்துவிடும். அப்பாட்டை அவர்களின் பேரப்பிள்ளைகளும் பாடுவர்.