மேல்பட்டையில் யாருக்கு இடம்?

2017 செப்டம்பரில் வெளிவந்த, லினக்ஸின் மேசைத்தள இடைமுகங்களுள் ஒன்றான க்னோம் 3.26, பழைய செயலிகளின் ஐகான்கள் குடியிருந்த தட்டைத் திரையிலிருந்தே தூக்கிவிட்டது. அடுத்த மாதம் லினக்ஸ் வழங்கலான உபுண்டு 17.10 தன் சொந்த இடைமுகமான யூனிட்டியைக் கைவிட்டு க்னோமுக்கு மாறியது. மாறிய கையோடு, அதே வகை ஐகான்களை மேல்பட்டையில் காட்டும் நீட்சி ஒன்றையும் தானே இயக்கி வைத்தது. இரண்டும் முன்னிருப்புகள்தாம், ஒன்று மற்றதை மறுக்கிறது. லினக்ஸ் வட்டாரத்தில் இந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

க்னோம் தரப்பில் நியாயம் இருக்கத்தான் செய்தது. 1995இல் விண்டோஸ் 95, பணிப்பட்டையின் வலக்கோடியில் கடிகாரத்தை ஒட்டி ஓர் அறிவிப்புப் பகுதியைக் கொடுத்தது. செயலி எழுதியவர்கள் அதைச் சுவரொட்டி ஒட்டும் பொதுச்சுவராக்கினார்கள். பிரிண்டர் மென்பொருள், பாட்டுக் கருவி, வைரஸ் தடுப்பான் என்று ஆளாளுக்குக் கணினியோடு சேர்ந்து எழுந்து, தங்கள் சின்னத்தை அங்கே பதித்தார்கள். 2001இல் எக்ஸ்பி, தொடப்படாத ஐகான்களை மறைக்கத் தொடங்கியது. 2009இல் விண்டோஸ் 7 இன்னும் கண்டிப்பாக, புதிதாக வருபவற்றை மடிப்புக்குள் தள்ளியது. வெளியே எடுத்து வைப்பது பயனரின் விருப்பம். மைக்ரோசாஃப்ட் வடிகட்டியது, க்னோம் சுவரையே இடித்தது.

இடித்ததால் கிடைத்த அமைதியைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். முன்பு ஒரு ஐகானை இடச்சொடுக்கினால் சாளரம் திறக்கும், பக்கத்து ஐகானில் மெனு விரியும், மூன்றாவதில் ஒன்றுமே நடக்காது. அந்தக் குழப்பம் போனது. ஆனால் இடிபாட்டோடு வேறொன்றும் போய்விட்டது. ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று மட்டும் சொல்லும் ஐகான் விளம்பரம். ‘உன் கோப்புகள் இன்னும் ஏறி முடியவில்லை’ என்று சொல்லும் ஐகான் தகவல். டிராப்பாக்ஸ் போன்ற ஒத்திசைவுச் செயலிகளுக்குப் பெரும்பாலும் சாளரமே கிடையாது. அந்தச் சின்ன ஐகான்தான் அவற்றின் முகம். க்னோம் இரண்டு வகையையும் ஒரே தராசில் நிறுத்தியது. பெரிய பிழை என்று நான் கருதுவது இதைத்தான்.

பட்டன்களிலும் இதே மனப்போக்கு. 2011இல் வந்த க்னோம் 3.0, சாளரத்தின் தலைப்பில் மூடும் பட்டனை மட்டும் விட்டுவிட்டுச் சிறிதாக்கும், பெரிதாக்கும் பட்டன்களை எடுத்தது. கீழே பணிப்பட்டை இல்லாதபோது எங்கே போய்ச் சிறிதாவது என்ற வாதம் கறாரானது, ஏற்கலாம். அணைக்கும் பட்டனை மறைத்ததை மட்டும் ஏற்கவே முடியாது. மெனுவில் உறக்கநிலைதான் தெரியும். ஆல்ட் விசையை அழுத்திப் பிடித்தால்தான் அது ‘அணை’ என்று மாறும். அப்படி அழுத்த வேண்டும் என்று மெனுவில் எந்தக் குறிப்பும் இருக்கவில்லை. உறக்கநிலையில் திறந்திருக்கும் வேலை நினைவகத்தில் நிற்கிறது, அதற்கு மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மடிக்கணினியும் அறாத மின்சாரமும் உள்ளவர்களை மனத்தில் வைத்து எடுத்த முடிவு இது. 2012இல் மணிக்கணக்கில் மின்வெட்டு நிலவிய தமிழ்நாட்டில், யுபிஎஸ் இல்லாத மேசைக்கணினி வைத்திருந்தவருக்கு இது வேலையைத் தொலைக்கும் வழி. அதே ஆண்டு 3.6 பதிப்பில் அணைக்கும் பட்டன் திரும்பி வந்தது.

ஐகான்களுக்குத் திரும்பினால், தேவைப்படும்போது மட்டும் தோன்றும் ஐகான் நல்ல நடுவழி. ஏதாவது செயலி மைக்கைப் பயன்படுத்தும்போது மைக் குறி எழுகிறது, திரையைப் பகிரும்போது அதற்கான குறி எழுகிறது. விசைப்பலகைக் குறியும் அப்படியே. தமிழ்99 விசைப்பலகையை ஆங்கிலத்தோடு சேர்த்து வைத்திருப்பவருக்கு மட்டும் அது மேல்பட்டையில் வரும். ஒரே விசைப்பலகை உள்ளவருக்கு வராது. டெர்மினலில் கண்ணுக்குத் தெரியாத கடவுச்சொல்லை வேறு விசைப்பலகையில் அடித்துவிட்டு ‘தவறு’ என்று திட்டு வாங்கியவர்களுக்கு அந்தக் குறியின் அருமை தெரியும். (பேட்டரி எத்தனை சதவீதம் என்பதை மட்டும் ஏன் நாமே தேடிப்போய் இயக்க வேண்டியிருக்கிறது என்பது எனக்கு விளங்கவே இல்லை.) இந்த வழியிலும் ஓட்டைகள் உண்டு. ஐகான் தோன்றி மறையும்போது பக்கத்திலிருப்பவை நகர்கின்றன, பழகிய கை தவறான இடத்தைத் தொடுகிறது. விபிஎன் குறி காணவில்லை என்றால் இணைப்பு அறுந்துவிட்டதா, செயலியே ஓடவில்லையா என்பதும் தெரியாது.

‘வேண்டுமானால் நீட்சி போட்டுக்கொள்ளுங்களேன்’ என்பது வழக்கமான பதில். க்னோம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பதிப்பு விடுகிறது. அதற்கேற்பப் புதுப்பிக்கப்படாத நீட்சி செயலிழந்து நிற்கும். உபுண்டு பயனருக்கு அதை உபுண்டுவை வெளியிடும் நிறுவனமே பார்த்துக்கொள்கிறது. மற்ற பலர், யாரோ ஒரு தன்னார்வலர் நேரம் ஒதுக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான். நீட்சி என்ற ஒன்று இருப்பதே தெரியாதவருக்கு அந்தக் காத்திருப்பும் இல்லை.

2023இல் க்னோம் 44, சாளரமின்றி ஓடும் செயலிகளின் பட்டியலை விரைவு அமைப்புகளுக்குள் வைத்தது. பிளாட்பேக் என்ற பொதிமுறை வழியாக நிறுவியவை மட்டுமே அதில் வரும். அங்கிருந்து ஒன்றை நிறுத்தலாம். ஆனால் கோப்பு ஏறி முடிந்ததா என்பதை அறிய, மெனுவைத் திறந்து பட்டியலை விரித்து, அதற்கப்பால் செயலிக்குள்ளும் போய்ப் பார்க்க வேண்டும். முன்பு அது மேல்பட்டையில் ஒரு பச்சைப் புள்ளி.