பதினேழு காய்களும் ஒரு பிடிவாதமும்

ட்ரொய்ட்ஃபிஷ் என்ற செஸ் செயலி சில வாரங்களாக என் போனில் இருக்கிறது. இலவசம், விளம்பரத் தொல்லை இல்லை, உள்ளே ஓடுவது ஸ்டொக்ஃபிஷ் என்ற செஸ் எஞ்சின். அதன் பலத்தைப் பற்றிப் புதிதாக எழுத ஒன்றும் மிச்சமில்லை. உலகச் சம்பியனே அதனிடம் தோற்பார். மாத்தளை ரயிலில் வத்தேகமவுக்கு வரும்போது சிக்னல் போனாலும் கவலையில்லை, எல்லாம் போனுக்குள்ளேயே நடக்கிறது.

எனக்கு எரிச்சல், யார் எவ்வளவு முன்னிலையில் என்று பலகையின் கீழே அது காட்டும் எண்ணில்தான்.

2017இல் பென்ரோஸ் நிறுவனம் வெளியிட்ட புதிரை அடுக்கிப் பாருங்கள். வெள்ளைக்கு ராஜாவும் நாலு சிப்பாய்களும். கறுப்புக்கு ராஜா, ராணி, இரண்டு கோட்டை, மூன்று பிஷப், ஐந்து சிப்பாய். ஆனால் ராணியும் கோட்டைகளும் ஓரத்தில் அடைபட்டுக் கிடக்கின்றன. பிஷப் மூன்றும் கறுப்புக் கட்டத்துக்காரர்கள். கைக்கெட்டும் கோட்டையை வெட்ட ஆசைப்பட்டால் அடைப்பு திறந்துவிடும். அதை விட்டு வெள்ளை ராஜா வெள்ளைக் கட்டங்களிலேயே உலாத்தினால் ஆட்டம் சமநிலை.

"மாமா, கறுப்பு வெல்லுதுன்னு போன் சொல்லுதே?" என்றான் தங்கச்சி மகன். சொல்லத்தான் செய்யும். வெட்டோ சிப்பாய் நகர்வோ இல்லாமல் 50 நகர்வு போனால் சமநிலை என்ற விதி நெருங்க நெருங்கத்தான் அந்த எண் இறங்கும். அதுவரை அசையாத நம்பிக்கை! எத்தனை ஆழம் தேடினாலும் தேடல் முடியும் இடத்தில் கறுப்பிடம் காய் அதிகம். 'இனி எதுவுமே மாறாது' என்பதைக் கிளை கிளையாக எண்ணிக் காண முடியாது.

இது பழைய வியாதிதான். 1998 லினாரெஸ் போட்டியில் டோபலோவுக்கு எதிராக ஷிரோவ் தன் ஒரே பிஷப்பை h3இல் சும்மா கொடுத்தார், ராஜா உள்ளே நுழைய ஒரு நகர்வு மிச்சமாகட்டும் என்று. அன்றைய புரோகிராம்களுக்கு அது எட்டவில்லை. இன்றைய ஸ்டொக்ஃபிஷுக்கு அது எட்டும். பென்ரோஸ் புதிர் போன்ற அடைபட்ட அரண்தான் இன்னும் சிக்கல்.

ரொனால்ட் டி மான் உருவாக்கிய, இறுதியாட்ட நிலைகளின் முடிவை முன்கூட்டியே கணித்து வைத்த சிசிஜி அட்டவணைகளை இந்தச் செயலியில் சேர்க்கலாம். ராஜாக்களையும் சேர்த்து ஐந்து காய் வரை முழு உண்மையும் ஒரு ஜிபிக்குள் அடங்கும், போனில் தாராளமாக வைக்கலாம். ஆறு காய்க்கு 150 ஜிபி அளவு, ஏழுக்கு 17 டெராபைட் அளவு வேண்டும். பென்ரோஸ் பலகையில் இருப்பதோ பதினேழு காய்.

மருமகனுக்கு இறுதியாட்டம் சொல்லிக்கொடுக்கும்போது கணினியின் யோசனையைக் காட்டும் வசதியை நிறுத்திவிடுகிறேன். ஆரம்ப நகர்வுகளுக்கு மறுபடி போட்டுவிடுவேன்; அங்கே அதோடு வாதாட எனக்குத் தைரியமில்லை.