படியின் முத்திரையும் சாக் பெயிண்டும்

பழைய சாமானுக்குப் பெயிண்ட் அடித்துப் புதுசாக்கும் வீடியோக்களை ஒரு மாதமாக வரிசையாகப் பார்த்து வருகிறேன். (ஆராய்ச்சி என்று பேர் வச்சுக்கலாம்.) எல்லாம் ஒரே அச்சு. இந்தப் பக்கம் அழுக்கேறிய அலமாரி, அந்தப் பக்கம் வெளிர்நீல அலமாரி. குப்பைக்குப் போக வேண்டியதைக் காப்பாற்றிவிட்டோம் என்கிற பெருமை. அந்தப் பெருமையில் பாதி நியாயம்தான். மீதிப் பாதியோடுதான் எனக்குத் தகராறு.

இதற்கு ‘அப்சைக்கிளிங்’ என்று பேர். 1994-இல் ரைனர் பில்ஸ் என்ற ஜெர்மானியப் பொறியாளர் ஒரு பேட்டியில் இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். கட்டடத்தை இடித்துச் செங்கல்லை நொறுக்குவதை மறுசுழற்சி என்கிறார்கள், அதில் பொருளின் மதிப்பு இறங்கத்தான் செய்கிறது, நமக்கு வேண்டியது மதிப்பு ஏறுவது என்பது அவர் வாதம். சரி, அவர் அளவுகோலையே எடுத்துக்கொள்வோம். பெயிண்ட் அடித்த பிறகு மதிப்பு ஏறுகிறதா, இறங்குகிறதா?

போடியில் பழைய சாமான் கடைகளுக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது இரும்பு டிரங்குப் பெட்டி. இதற்குப் பெயிண்ட் அடிப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அது பிறந்ததே பெயிண்டோடுதான். போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவு ஏறிப்போய் ஏலத்தோட்டத்தில் கிடக்கும் பெட்டிக்கு, அந்த மலை ஈரத்தில் பெயிண்ட்தான் உயிர். பூச்சு போன இடத்தில் ஒரே மழைக்காலத்தில் துரு ஏறிவிடும். ஆனால் மூடியைப் பாருங்கள். பெயர், இனிஷியல், ஊர் என்று கையால் எழுதியிருக்கும். பச்சை மூடியில் மஞ்சள் எழுத்தாக ஒன்றைப் பார்த்தேன். இனிஷியலின் புள்ளியைக்கூட அழகாக வைத்திருந்தார் அந்த ஓவியர். கடைக்காரர், “அண்ணே, பேர அழிச்சு ஒரு கோட்டிங் குடுத்துர்றேன், பளிச்சுன்னு ஆயிரும்” என்றார். அவரைக் குறை சொல்லவில்லை. வாங்குகிறவர்கள் அப்படித்தான் கேட்கிறார்கள். ஆனால் தோட்ட வேலைக்குப் போன ஒரு குடும்பம் தன் பெயரைத் தானே எழுதி வைத்த ஆவணம் அது. ஆவணக் காப்பகத்தில் அதற்குப் பிரதி கிடையாது. எங்கள் தொழிலில் பேக்கப் எடுக்காமல் டேட்டாபேஸில் மேலெழுதினால் வேலை போய்விடும். இங்கே ‘லைக்’ விழுகிறது. எழுத்தின் மேல் டேப் ஒட்டிவிட்டு மிச்ச இடத்துக்கு அடித்தால் என்ன?

அடுத்தது உப்புத்தாள். எல்லா வீடியோவிலும் முதல் வேலை அதுதான்: பழைய பெயிண்டை வறட்டு வறட்டு என்று தேய்ப்பது. முகமூடி இல்லை, பக்கத்தில் குழந்தை விளையாடிக்கொண்டிருக்கும். பழைய பெயிண்டில், அதிலும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பில், காரீயம் இருக்க வாய்ப்பு அதிகம். இரும்புக்கு முதல் பூச்சாக அடித்த செந்தூர நிறமே காரீய ஆக்சைடாக இருந்த காலம் உண்டு. வீட்டுப் பெயிண்டில் காரீயம் 90 பிபிஎம்முக்கு மேல் கூடாது என்ற விதி இந்தியாவில் 2016-இல்தான் வந்தது, 2017 நவம்பரில்தான் அமலானது. இவ்வளவுக்குள் இருந்தால் பயமில்லை என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் காரீயத்துக்குக் கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பழைய தொட்டிலை வாங்கித் தேய்த்துப் பொம்மை வரைகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கணும். தேய்த்தே ஆகவேண்டும் என்றால் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், தூசி பறக்காது. குழந்தைகள் அந்தப் பக்கம் வரவே வேண்டாம்.

மரத்துக்கு வருகிறேன். இங்கிலாந்தில் ஆனி ஸ்லோன் 1990-இல் கொண்டுவந்த சாக் பெயிண்ட்தான் இன்றைய மோகத்துக்கு மூலம். தேய்க்க வேண்டாம், பிரைமர் வேண்டாம், நேராக அடிக்கலாம். இங்கே எமல்ஷனில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைக் கலந்து அதையே வீட்டில் செய்கிறார்கள். சாதாரண பிளைவுட் மேசைக்கு அடித்துக்கொள்ளுங்கள், அழகாகவே இருக்கும். தேக்குக்கும் ஈட்டிக்கும் அடிப்பதுதான் வயிற்றெரிச்சல். ரசனை ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த மரங்களின் எண்ணெயும் சாறும் வெள்ளைப் பூச்சுக்குள் ஊறி மேலே வந்து பழுப்புத் திட்டாக நிற்கும். வீடியோ அதற்குள் முடிந்திருக்கும்.

பழைய ஆசாரிகள் போட்டது அரக்குப் பாலிஷ். ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசியது, ஸ்பிரிட்டிலேயே கரைந்து வந்துவிடும். 80 வருஷம் கழித்தும் பழைய நிலைக்குத் திரும்பலாம். பெயிண்ட் அப்படியில்லை. மரத்தின் ரேகைக் குழிக்குள் இறங்கிவிட்டால் சுரண்டித்தான் எடுக்கணும், சுரண்டினால் மரமும் சேர்ந்து போகும். செய்ததைத் திருப்ப முடியுமா என்பதுதான் அருங்காட்சியகங்களில் பழம்பொருளைச் சீர்செய்பவர்கள் முதலில் கேட்கும் கேள்வி. வாங்கின நாற்காலியில் கண்ணில் படாத ஒரு மூலையில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் தேய்த்துப் பாருங்கள். பிசுபிசுத்தால் அது அரக்கு. பாலிஷ்காரரைக் கூப்பிடுங்கள், பெயிண்டரை வேண்டாம்.

பாலிஷ்காரர்கள் பக்கமும் எல்லாம் சுத்தம் என்று சொல்லவில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருளாக விற்கும் தூணும் கதவும் ஏதோ ஒரு வீட்டிலிருந்து பெயர்த்து வந்தவைதான். அது வேறு கதை, தனியாக எழுதணும்.

கடைசியாகப் படி. பித்தளைப் படியிலும் இரும்புப் படியிலும் பூ வரைந்து பேனா ஸ்டாண்ட் ஆக்குகிறார்கள். 8 ஆழாக்கு ஒரு படி, 8 படி ஒரு மரக்கால். 1956-இல் மெட்ரிக் அளவைச் சட்டம் வந்து, அடுத்த சில வருஷங்களில் இவை சந்தையை விட்டுப் போயின. விளிம்பையோ அடியையோ பாருங்கள், சோதித்த அதிகாரிகள் குத்திய முத்திரை இருக்கும். சில படிகளில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல. வியாபாரி ஏமாற்றவில்லை என்பதற்கு அரசாங்கம் தந்த சாட்சி அது. அதன்மேல்தான் ரோஜாப்பூ. உள்பக்கமும் இரண்டு கோட்டிங் அடித்துவிட்டால் அளவே குறைந்துவிடும். அந்தக் காலமாக இருந்தால் அபராதம்!

பித்தளைப் படிக்குப் புளி போட்டுத் தேய்த்தால் போதும், அதுவும் முத்திரை இருக்கிற பக்கம் மெதுவாக.