மேடையேறிய சாட்சியம்: ‘நீதியின் நிறம்’ நாடகமும் பார்வையோர் எதிர்வினையும்

1. முன்னுரை

நாடகத் திறனாய்வுகள் பெரும்பாலும் பனுவலையும் நடிப்பையும் மட்டுமே நோக்குகின்றன. பார்வையோர் எதிர்வினை பற்றிய பேச்சு, கைதட்டல், அரங்கு நிறைவு என்ற அளவில் நின்றுவிடுகிறது. ஆயினும் சில நாடகங்களில் பார்வையோர் செய்யும் செயலே பனுவலின் பொருளை நிறைவு செய்கிறது. இலண்டன் கில்பர்ன் பகுதியிலுள்ள ட்ரைசைக்கிள் அரங்கில் 1999 ஜனவரியில் மேடையேறிய ‘தி கலர் ஆஃப் ஜஸ்டிஸ்’, அதாவது ‘நீதியின் நிறம்’, அத்தகையது. இனவெறிக் கொலையொன்றில் காவல்துறையின் புலனாய்வு ஏன் தோற்றது என்பதை ஆராய்ந்த பொது விசாரணையின் எழுத்துப் பதிவிலிருந்து பத்திரிகையாளர் ஒருவர் தொகுத்த நாடகம் இது. அது எழுப்பிய எதிர்வினையை மொழியியல் நோக்கில் விளக்குவதும், அதைத் தமிழில் பெயர்க்க முற்படுவோர் எதிர்கொள்ளும் சிக்கல்களை மதிப்பிடுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

2. வழக்கும் நாடகமும்

1993 ஏப்ரல் 22ஆம் நாள் இரவு, தென்கிழக்கு இலண்டனின் எல்தம் பகுதியில் பேருந்துக்குக் காத்திருந்த ஸ்டீபன் லாரன்ஸ் என்னும் 18 வயது கறுப்பின மாணவர் வெள்ளையின இளைஞர் கும்பலால் குத்திக் கொல்லப்பட்டார். சந்தேகத்துக்குரியோரின் பெயர்கள் விரைவிலேயே காவல்துறைக்குக் கிடைத்தும் கைதுகள் காலந்தாழ்ந்தன, வழக்கும் நிலைக்கவில்லை. பெற்றோர் டொரீன், நெவில் லாரன்ஸ் ஆகியோர் முன்னெடுத்த தனியார் வழக்கும் 1996இல் தோற்றது. 1997 பிப்ரவரியில் ‘டெய்லி மெயில்’ நாளேடு ஐந்து இளைஞர்களின் படங்களை முதற்பக்கத்தில் வெளியிட்டு அவர்களைக் கொலையாளிகள் எனக் குறித்தது. பின்னர் அரசு அமைத்த விசாரணை, வில்லியம் மெக்பெர்சன் தலைமையில் 1998இல் 69 நாள்கள் சாட்சியம் கேட்டது.

‘கார்டியன்’ நாளேட்டின் செய்தியாளரான ரிச்சர்டு நார்ட்டன்-டெய்லர் இந்தப் பதிவை ஒரு மாலைப்பொழுதுக்குரிய நாடகமாகச் சுருக்கினார். நிக்கோலஸ் கென்ட் இயக்கினார். தொகுப்பாளர் புதிய உரையாடலை இயற்றவில்லை; விசாரணையில் பேசப்பட்டதே மேடையிலும் பேசப்பட்டது. இவ்விருவரும் 1994இல் ஈராக்கிற்கு ஆயுதம் விற்றது பற்றிய விசாரணையை ‘ஹாஃப் தி பிக்சர்’ என்ற பெயரில் இம்முறையில் அமைத்திருந்தனர். ‘நீதியின் நிறம்’ சிறிய அரங்கிலிருந்து விக்டோரியா பேலஸ் போன்ற பெரிய அரங்கிற்குச் சென்றது. பிபிசி தொலைக்காட்சியிலும் ஒளிபரப்பாயிற்று.

இங்குக் காலவரிசை கருதத்தக்கது. மெக்பெர்சன் அறிக்கை 1999 பிப்ரவரி 24 அன்றுதான் வெளியாயிற்று. எனவே முதற்பார்வையோர் முடிவு தெரியாமலேயே சாட்சியத்தைக் கேட்டனர். நாடகம் தீர்ப்பு எதனையும் வழங்கவில்லை. தீர்ப்பு கூறும் பொறுப்பு அவர்களிடமே விடப்பட்டது.

3. எழுந்து நின்ற அரங்கு

நாடகத்தின் இறுதியில் விசாரணைத் தலைவராக நடிப்பவர், கொல்லப்பட்ட இளைஞரின் நினைவாக அனைவரும் எழுந்து ஒரு நிமிடம் மௌனம் காக்குமாறு வேண்டுகிறார். மேடையிலுள்ளோருடன் பார்வையோரும் எழுந்து நின்றனர் என்பது இந்நாடகம் பற்றிப் பரவலாகப் பதிவாகியுள்ள செய்தியாகும். இச்செயல் பேச்சுச்செயற் கோட்பாட்டிற்கு ஒரு நல்ல சோதனை. ஜே. எல். ஆஸ்டின், 1962இல் நூலாக வெளிவந்த தம் சொற்பொழிவுகளில், மேடையில் நடிகர் கூறும் செயற்கூற்று வெறுமையானது எனக் கருதி அதை ஆய்வுக்குப் புறம்பாக வைத்தார். மேடையில் நிகழும் திருமணம் எவரையும் கணவன் மனைவி ஆக்குவதில்லை. ஆனால் இங்கு மேடையில் வைக்கப்பட்ட வேண்டுகோள் அரங்கில் உண்மையாகவே நிறைவேறுகிறது.

இது எவ்வாறு இயல்கிறது என்பதற்கு எர்விங் காஃப்மன் 1981இல் விளக்கிய பங்கேற்பமைப்பு உதவும். இயல்பான நாடகத்தில் பார்வையோர் ஒட்டுக்கேட்போரைப் போன்றோர். பேச்சு அவர்களை நோக்கியதாகத் தோன்றுவதில்லை. பொது விசாரணையிலோ மக்களுக்கெனத் தனி இருக்கை உண்டு; அவர்கள் முறையாக ஏற்கப்பட்ட கேட்போர். விசாரணை மேடைக்கு வரும்போது அரங்கின் இருக்கைகள் அப்பொது இருக்கைகளாகவே மாறுகின்றன. இவ்வகை நாடகங்களில் நடிகர்கள் இறுதியில் வணங்கி விடைபெறுவதும் தவிர்க்கப்படுகிறது. கைதட்டலுக்கு இடமளிக்கும் எல்லைக்கோடு அழிவதால் நடிப்பு முடிந்து நடப்பு தொடங்கும் இடம் பார்வையோருக்குப் புலப்படுவதில்லை. ஆஸ்டின் கூறிய வெறுமை மேடைக்கு உரிய இயல்பன்று. கேட்போர் எந்நிலையில் வைக்கப்படுகின்றனர் என்பதைப் பொறுத்தது எனலாம். எழுந்து நின்றவர்கள் நாடகப் பாத்திரத்திற்காக நிற்கவில்லை; உண்மையில் கொல்லப்பட்ட ஒருவருக்காக நின்றனர்.

4. சினமும் தன்னாய்வும்

இந்நாடகம் எழுப்பும் எதிர்வினை ஒரே தன்மையதன்று. காவல்துறையினரின் சாட்சியங்கள் சினத்தை எழுப்பும் வகையின. புலனாய்வுக்குத் தலைமை தாங்கிய உயரதிகாரி ஒருவர், நியாயமான சந்தேகத்தின் பேரில் ஒருவரைக் கைது செய்யலாம் என்னும் அடிப்படைச் சட்டத்தையே அன்று தாம் அறிந்திருக்கவில்லை என்று விசாரணையில் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. இயற்றப்பட்ட நாடகமாயின் இதை மிகை என்று பார்வையோர் தள்ளியிருப்பர். உண்மைப் பதிவு என்று அறிந்திருப்பதால் அவ்வழி அடைபடுகிறது.

இச்சினத்தில் ஓர் ஆபத்தும் உண்டு. பிறரைப் பழிப்பது தம்மை ஆராய்வதிலிருந்து பார்வையோருக்கு விடுதலை தந்துவிடும். இதை நேர் செய்வது வழிப்போக்கர் ஒருவரின் சாட்சியம். வழிபாட்டுக் கூட்டம் முடிந்து மனைவியுடன் வந்த அவர், ஓடிவந்த இரு கறுப்பின இளைஞரைக் கண்டதும் இது வழிப்பறியோ என முதலில் எண்ணியதை மறைக்காமல் கூறுகிறார். பிறகு வீழ்ந்தவரின் அருகிருந்து ஆறுதல் அளித்ததையும், வீடு சென்று கையிலிருந்த குருதியைக் கழுவிய நீரைத் தோட்டத்து ரோசாச் செடியின் அடியில் ஊற்றியதையும் சொல்கிறார். முன்முடிவும் இரக்கமும் ஒரே மனிதரிடம் இருந்ததை அவரே ஒப்புகிறார். அதிகாரிகள் கூறாத ஒன்றை அவர் கூறுவதால், கேட்போர் தம்மையும் அவ்விடத்தில் வைத்துப் பார்க்க இயலுகிறது. நாடகத்தின் அறவலிமை மிகுதியும் இப்பகுதியிலேயே தங்கியுள்ளது.

5. மொழிபெயர்ப்புச் சிக்கல்கள்

5.1 நினைவின்மையின் இலக்கணம். குறுக்கு விசாரணையில் மீள மீள வரும் விடை நினைவில்லை என்பதாகும். ஆங்கிலத்தில் இவ்விடையைத் தன்மை எழுவாயின்றி முறையாகக் கூறல் அரிது. மறந்தவர் ஒவ்வொரு முறையும் தம்மைச் சுட்டிக்கொள்கிறார். தமிழில் இத்தகைய வினைகள் நான்காம் வேற்றுமை ஏற்ற பெயரோடு வருவன. ‘எனக்கு’ என்பது தொக்கு நிற்கலாம். ‘நினைவில்லை’ என்ற கூற்றில் திணை, பால், எண், இடம் எதுவும் வெளிப்படுவதில்லை. ஆங்கிலம் தராத ஒளிவிடத்தைத் தமிழ் இலக்கணம் சாட்சிக்குத் தந்துவிடுகிறது. ‘எனக்கு’ என்பதை ஒவ்வோரிடத்தும் இட்டால் நடை செயற்கையாகும். நீக்கினால் பொறுப்பு கரையும். வினா கூர்மையாகும் இடங்களில் மட்டும் அதை இடுவது பொருந்தும்.

5.2 ‘அவன்’, ‘அவர்’. ஆங்கிலப் படர்க்கைப் பெயர் மதிப்பு வேறுபாடு காட்டாது. தமிழில் இறந்த இளைஞரைச் சுட்டும் ஒவ்வொரு வினைமுற்றும் ஒரு தேர்வை வேண்டி நிற்கிறது. தாய் கூறும் ‘அவன்’ அன்பைக் காட்டும். அதே சொல் அதிகாரியின் வாயில் இழிவைக் காட்டும். அவர் வழக்கறிஞர் முன் ‘அவர்’ என்பாராயின் அது அவைக்கான மதிப்பாகவே ஒலிக்கும். இலண்டன் பார்வையோர் குரலின் ஏற்ற இறக்கத்தில் உய்த்துணர்ந்ததைத் தமிழ்ப் பனுவல் விகுதியில் வெளிப்படையாக்க வேண்டியுள்ளது. அதாவது, சாட்சி சொல்லாத ஒரு மனப்பான்மையை மொழிபெயர்ப்பாளர் அவருக்கு ஏற்ற நேரிடும். சொல்லுக்குச் சொல் உண்மை என்பதே இந்நாடகத்தின் அடிப்படை உறுதிமொழி. ஆதலின் இது நடைச்சிக்கல் மட்டுமன்று, அறச்சிக்கலுமாகும். அதிகாரிகளின் கூற்று முழுவதிலும் ‘அவர்’ என்பதையே ஆள்வது, பழி ஏற்றும் பிழையையேனும் தவிர்க்கும்.

5.3 நிறப்பெயர்கள். காவல்துறைச் சாட்சிகள் சிலர் கறுப்பினத்தவரை ‘கலர்டு’ என்றனர். அது புண்படுத்தும் சொல் என்பதை அவர்கள் உணர்ந்திருக்கவில்லை. அறிக்கை இவ்வழக்கைக் கண்டித்தது. பேசுவோர் அறியாததைக் கேட்போர் அறிவதே இக்காட்சிகளின் பொருள். தமிழில் ‘நிறத்தவர்’ என்றால் அது புதுச்சொல்லாக நிற்குமேயன்றிப் பழமையின் வாடையைத் தராது. கொலையாளிகள் ‘என்ன, என்ன’ என்பதோடு சேர்த்துக் கூவியதாக நண்பர் கேட்ட வசைச்சொல்லுக்கும் தமிழில் நேர்நிகர் இல்லை. உள்ளூர்ச் சாதி வசை எதையேனும் அங்கு இடுவது பார்வையோரை உலுக்கும். ஆனால் வழக்கை வேறொரு வழக்காக்கிவிடும். ஒலிபெயர்ப்பே இங்கு ஏற்றது. தலைப்பைப் பொறுத்தவரை தமிழ் ஒரு பேறு தருகிறது. ‘நிறம்’ என்பதற்குப் பழந்தமிழில் வண்ணம் என்பதோடு மார்பு, உயிர்நிலை என்ற பொருள்களும் உண்டு.

5.4 ‘வெறி’ என்னும் இடர். மிகக் கடினமான சிக்கல் கலைச்சொல் பற்றியது. ‘ரேசிஸ்ட்’ என்ற ஒரே அடை ஆங்கிலத்தில் கொலையையும் குறிக்கிறது, காவல்துறையின் போக்கையும் குறிக்கிறது. தமிழிதழ்களில் வழங்கும் ‘இனவெறி’ முன்னதற்குப் பொருந்தும். பின்னதற்குப் பொருந்துமா என்பது ஐயத்திற்குரியது. மெக்பெர்சன் அறிக்கை ‘நிறுவன இனவெறி’ எனத் தமிழாக்கப்படும் கருத்தை ஓர் அமைப்பின் கூட்டுத் தோல்வியாக வரையறுத்தது. தம்மையறியாத முன்முடிவு, அறியாமை, கருத்தின்மை, வார்ப்புருவான எண்ணம் ஆகியவற்றின் வழி அது நிகழும் என்றது. 1981இன் ஸ்கார்மன் அறிக்கை, அறிந்தே பின்பற்றும் கொள்கை என்ற பொருளில் இக்கருத்தை நோக்கி, பிரிட்டனுக்கு அது பொருந்தாது என மறுத்திருந்தது. இரு அறிக்கைகளுக்கும் இடைப்பட்ட வேறுபாடு ‘அறியாமல்’ என்ற ஒரு சொல்லில் உள்ளது. ‘வெறி’யோ தனிமனிதரின் மனக்கொதிப்பைச் சுட்டுவது. ‘அறியாத வெறி’ என்பது தமிழில் முரண்தொடராகிறது. அச்சொல்லை ஆளும் மொழிபெயர்ப்பு, வெறி எங்களிடம் இல்லை என்று மறுப்பவரின் பக்கமே வாசகரைச் சாய்த்துவிடும்.

‘நிறுவன இனப்பாகுபாடு’ என மாற்றினால் வரையறை காக்கப்படும். ஆனால் கத்தியேந்தியவரையும் கோப்பை மூடியவரையும் ஒரே சொல்லால் இணைத்த நாடகத்தின் இழை அறுந்துவிடும். இலங்கைத் தமிழில் நிலைபெற்றுள்ள ‘இனவாதம்’ இரண்டிற்கும் இடைப்பட்டது. ‘வாதம்’ என்பது ஓரளவு அறிந்த நிலைப்பாட்டையே சுட்டுமாயினும் கொதிப்பைச் சுட்டாது. தனிமனிதர், அமைப்பு ஆகிய இரண்டோடும் சேரும். எனவே ‘இனவாதக் கொலை’, ‘நிறுவன இனவாதம்’ என இணையாக ஆள்வது இப்போதுள்ள வழிகளுள் சிறந்தது எனலாம்.

இது சொல்லாய்வு மட்டுமன்று. இந்தியாவின் பட்டியல் சாதிகள் மற்றும் பழங்குடிகள் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989இன் பிரிவு 3(2)இன் ஐந்தாம் கூறு, குற்றம் பாதிக்கப்பட்டவர் அவ்வகுப்பினர் ‘என்ற காரணத்தால்’ இழைக்கப்பட வேண்டும் எனக் கோரியது. 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம் அதை ‘என்பதை அறிந்து’ என மாற்றியது. ஒரு தொடர் மாறியதும் மெய்ப்பிக்க வேண்டியது மாறிற்று. மெக்பெர்சன் அறிக்கை இன்னும் ஒருபடி சென்று, பாதிக்கப்பட்டவரோ வேறெவரோ இனவாதமென உணரும் நிகழ்வை அவ்வாறே பதிய வேண்டும் என்றது. பொருளைத் தீர்மானிக்கும் உரிமையைப் பேசுவோரிடமிருந்து கேட்போருக்கு நகர்த்தியது.

6. நாடகத்தின் குறைகள்

சொல் எதுவும் சேர்க்கப்படவில்லை என்ற உறுதி, சொற்கள் நீக்கப்பட்டதைப் பார்வையோர் மறக்கச் செய்கிறது. 69 நாள்களை ஒரு மாலையாக்குவது தொகுப்பு மட்டுமன்று, ஆக்கமும் ஆகும். மேலும், வினா விடை வடிவம் மேடையின் பெரும்பகுதியை வழக்கறிஞருக்கும் காவலருக்கும் வழங்குகிறது. கொலையை நேரிற்கண்ட நண்பரின் வாக்குமூலம் விசாரணையிலேயே அவர் சார்பில் படிக்கப்பட்டது. கறுப்பினக் குரல் இன்னொருவர் வாய்வழியாகவே வருகிறது. இதை நாடகம் திருத்தவில்லை, திருத்த அதன் முறையும் இடந்தராது. அக்குரலின் இன்மையைப் பார்வையோர் உணர்ந்தாலன்றி எழுந்து நிற்றல் எளிய ஆறுதலாக முடியும்.

7. முடிவுரை

மறுவிசாரணைத் தடையைத் தளர்த்திய 2003ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின், 2012 ஜனவரியில் இருவர் தண்டிக்கப்பட்டனர். 2023இல் பிபிசியின் புலனாய்வு, இறந்துபோன ஆறாவது சந்தேகநபர் ஒருவரை வெளிப்படுத்தியது. அதே ஆண்டில் லூயிஸ் கேசியின் அறிக்கை, இலண்டன் மாநகரக் காவல்துறை நிறுவன அளவில் இனவாதம் உடையது என மீண்டும் கூறியது; ஆணையர் மார்க் ரவுலி முடிவுகளை ஏற்றும் ‘நிறுவன’ என்ற அடையை ஆள மறுத்தார். செய்தியை ஏற்றுச் சொல்லை மறுக்கும் நிலை, அச்சொல்லின் எடையைக் காட்டுகிறது. அரங்கில் எழுந்து நின்றவர்கள் அந்த எடையை உணர்ந்தவர்கள். அதே எடையுள்ள சொல்லைத் தமிழில் நிறுவுவது கலைச்சொல் ஆக்குவோரும் மொழிபெயர்ப்பாளரும் இணைந்து ஆற்றவேண்டிய பணியாகும்.