வாலறுந்த வினைகள்

வெள்ளானூர் பக்கம் டியூஷன் போகும் எந்தப் பையனையாவது நிறுத்திக் கேளுங்கள். 'டிசைட்' என்றால் 'டிசிஷன்', 'ரெஃப்யூஸ்' என்றால் 'ரெஃப்யூசல்', 'கைண்ட்' என்றால் 'கைண்ட்னஸ்' என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பான். ஒன்றுக்கு 'ஷன்', இன்னொன்றுக்கு 'நெஸ்', ஏண்டா என்றால் முழிப்பான். அவன் மேல் தப்பில்லை. கைடு போடுகிறவர்கள் பட்டியல் தருகிறார்களே தவிர, காரணம் தருவதில்லை.

காரணம் சரித்திரத்தில் இருக்கிறது. 1066-ல் நார்மண்டிக்காரர்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். பின்னாலேயே பிரெஞ்சும் லத்தீனும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கின. 'ஷன்', 'மென்ட்' எல்லாம் அந்த மூட்டையில் வந்தவை. 'நெஸ்'ஸும், 'ட்ரூத்'தின் வாலில் இருக்கிற 'த்'தும் சொந்த வீட்டுச் சரக்கு. இதைச் சொன்னாலே பாதிக் குழப்பம் தீரும்.

இந்த வித்தை நமக்கும் புதுசில்லை. 'இனிய' இனிமையாகும். 'கெடு' கொஞ்சம் நீண்டால் கேடு. பி.காம். படித்தவன் என்பதால் எனக்குப் பிடித்தது 'மானம்'தான். வருவது வருமானம், பெறுவது பெறுமானம், தேய்வது தேய்மானம். டிப்ரிசியேஷனுக்கு இதைவிடக் கச்சிதமாக ஒரு சொல் கிடைக்குமா? செருப்பு தேய்ந்த எவருக்கும் புரியும். 'செலவு' இன்னும் அழகு. பழந்தமிழில் அதற்குப் பயணம் என்று பொருள். சம்பளப் பணம் ஒண்ணாம் தேதியே கிளம்பிப் போய்விடுகிறதே, சரிதானே?

வம்பு வருவது ஆபீஸ் கடிதத்தில். 'தங்கள் பெயர் நீக்கம் செய்யப்பட்டுள்ளது' என்று ஒரு வரி வருகிறது என்று வையுங்கள். நீக்கியது யார்? தெரியாது. 'நீக்கினோம்' என்று எழுதியிருந்தால், கடைசியில் இருக்கிற 'ஓம்'மில் ஆள் மாட்டியிருப்பார். தமிழ் வினைக்கு அந்தக் குணம் உண்டு. செய்தவரை வாலில் கட்டியே வைத்திருக்கும். வினையைப் பெயராக்கி, 'செய்யப்பட்டுள்ளது' என்று ஒட்டுப் போட்டால் வால் அறுந்துவிடும். ஆள் எஸ்கேப்!

இது ஆங்கில ஆபீஸ் நடையின் ஜெராக்ஸ். அங்கேயும் யாரும் எதையும் மறுப்பதில்லை. 'ரெஃப்யூசல்' தானாக நடக்கிறது. ஆனால் முதியோர் பென்ஷன் நின்றுபோன பாட்டிக்கு இது இலக்கணப் பிரச்னையா? யாரிடம் போய்க் கேட்பது என்கிற பிரச்னை.

தேய்மானம் மாதிரிப் பெயர்கள் இருக்கட்டும். அவை ஒரு விஷயத்தைக் காட்டுகின்றன. 'நீக்கம்', 'நிராகரிப்பு', 'நிறுத்தம்' என்று கடிதம் வந்தால் மட்டும், பதிலில் ஒரே ஒரு கேள்வி எழுதுங்கள்:

'யார்?'