ஆறாக வந்தாள், அணையாகக் கிடந்தான்!

காஞ்சிக்கு வருவோரிடம் வெஃகாக் கோயிலின் கதையைச் சொல்லாமல் விடமாட்டார்கள். பிரமன் வேள்வி செய்தானாம். மனைவி கலைமகளை ஒதுக்கிவிட்டுச் செய்தானாம். சினந்த அவள் வேகவதி ஆறாகப் பெருக்கெடுத்து வேள்வியை அழிக்கப் பாய்ந்தாளாம். திருமால் குறுக்கே அணையாகப் படுத்தானாம். வேள்வி தப்பிற்று, வெள்ளம் அடங்கிற்று, தலபுராணமும் பிறந்தது.

பெண் ஆறாவதும் ஆண்டவன் அணையாவதும் நடக்குமா என்று கேட்பது நமக்குப் பழகிய வேலை. அதைச் சற்றே ஒதுக்கி வையுங்கள், தோழர்களே! என்னை உறுத்துவது வேறு. இத்தனை பெரிய கதையில், "அம்மா, உன் சினத்துக்குக் காரணம் என்ன?" என்று கேட்டவர் ஒருவருமில்லை. "அவளை ஏன் அழைக்கவில்லை?" என்று பிரமனைக் கேட்டவருமில்லை. கல்விக்கே தெய்வம் என்று புகழ்ந்தவர்கள், அவள் தரப்பில் ஒரு வாக்கியம் கேட்கவில்லை. வெள்ளத்தை நிறுத்தினார்கள், வழக்கை விசாரிக்கவில்லை.

அந்த அணை இன்று ஒவ்வொரு தெருவிலும் கிடக்கிறது. கணவன் மனைவிக்குள் பிணக்கு என்றதும் பெரிய மாமா வருவார், சித்தப்பா வருவார், பரிகாரப் பட்டியலோடு சோதிடரும் வருவார். "அனுசரித்துப் போ" என்ற ஒரே தீர்ப்பு. அது சென்று விழுவதோ ஒரே தலையில்!

புராணத்தை விட்டு இலக்கியத்துக்கு வருவோம். ஊடலைத் தணிக்கத் தொல்காப்பியர் பன்னிரு வாயில்களைச் சொல்கிறார். தோழி, பாணன், விறலி, விருந்தினர் எனப் பட்டியல் நீள்கிறது. மருதத்தில் இவர்கள் செய்யும் வேலை என்ன? பரத்தையிடம் சென்று மீண்ட தலைவனுக்குக் கதவு திறக்கச் சொல்வது. விருந்தினர் வந்துவிட்டாலோ வேலை இன்னும் எளிது. வந்தவர் முன்னே இல்லாள் முகம் கோணலாகாது, சிரித்தாக வேண்டும்! பாட்டின் அழகை நானும் வகுப்பில் வியந்தே நடத்துகிறேன். ஆனால் சிரித்த அவள் உள்ளம் ஆறியதா என்று வினவாமல் நயம் பாராட்டுவது திறனாய்வு ஆகாது. ஒருவரை மட்டும் விதிவிலக்காகச் சொல்லலாம். 'அறிவர்' என்பாருக்குத் தலைவனையும் தலைவியையும் இடித்துரைக்கும் உரிமை தரப்பட்டிருக்கிறது. இருவருக்கும் பொதுவான ஒருவர் தேவை என்ற எண்ணமேனும் நம்மிடம் இருந்திருக்கிறது.

அந்தப் பொது மனிதரைப் பயிற்சியும் முறையும் உடையவராக இன்றைய உளவியல் ஆக்க முயல்கிறது. மணவாழ்வு, குடும்ப ஆலோசகர் என்கிறோம். இவர் முன் இருவரும் ஒன்றாக அமர்வர்; தனித்தனியே பேசும் அமர்வுகளும் உண்டு. "யார் குற்றவாளி?" என்பதல்ல இவரது முதற் கேள்வி. "இருவருக்கும் நடுவே மீண்டும் மீண்டும் நடப்பது என்ன?" என்பதே.

நம் ஊர்க் குழித்தறியை எண்ணுங்கள். கோர்வைச் சேலைக்கு ஒருவர் கை போதாது. கரைக்கு நாடா விட இன்னொருவர் பக்கத்தில் வேண்டும். பல வீடுகளில் அந்த இன்னொருவர் மனைவி. தார் சுற்றுவதும் அவளே. கூலியோ பெரும்பாலும் கணவன் கைக்குப் போகிறது. "எப்போதும் நச்சரிக்கிறாள்" என்பான் அவன். "வாயே திறப்பதில்லை" என்பாள் அவள். அவள் கேட்கக் கேட்க அவன் ஒதுங்குகிறான். அவன் ஒதுங்க ஒதுங்க அவள் குரல் உயர்கிறது. இந்தச் சுழலைத்தான் ஆலோசகர் பிடிக்கிறார். "அவர் சொன்னதை உங்கள் சொற்களில் திரும்பச் சொல்லுங்கள்" என்கிறார். சொல்ல முயலும்போதுதான், பத்தாண்டு உடன் வாழ்ந்தும் காது கொடுத்ததில்லை என்பது விளங்கும். முதலாளியிடம் வாங்கிய முன்பணத்தை மறைத்த அச்சம் அவனிடமிருந்து வெளிவரலாம். தன் உழைப்புக்குத் தன் பெயரில் ஒரு காசும் இல்லையே என்ற குமுறல் அவளிடமிருந்து வரலாம். ஆலோசகர் கடனை அடைக்கமாட்டார், கூலியையும் உயர்த்தமாட்டார். அதற்குப் போராட்டம் வேண்டும். அது வேறு களம்.

மேனாட்டிலிருந்து வந்த துறை என்பதற்காகக் கும்பிடவும் வேண்டாம். 1930-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் குடும்ப ஆலோசனை நிலையம் தொடங்கிய பால் போப்பினோ, 'தகுதியுள்ளோர்' மட்டுமே பெருக வேண்டும் என்ற இனமேம்பாட்டுக் கொள்கைக்காரர். அங்கும் விட்டுக்கொடுக்கும் பொறுப்புப் பெரிதும் மனைவியின் மேலேதான் விழுந்தது. அணை ஆங்கிலம் பேசிற்று, அவ்வளவே!

நம் நாட்டின் 1984-ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டமும் முதலில் சமரசத்துக்கு முயலச் சொல்கிறது. ஆலோசகர்களுக்கும் இடம் தருகிறது. நல்லதே. ஆனால் அடி விழும் வீட்டில் சமரசம் என்பதற்குப் பொருள் என்ன? கணவன் பக்கத்தில் அமர்ந்து அவள் சொல்லும் உண்மைக்கு இரவு வீட்டில் தண்டனை கிடைக்குமானால், அந்த அமர்வே ஆபத்து. 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் இருவரையும் தனியாகவோ சேர்த்தோ ஆலோசனைக்கு அனுப்ப நடுவருக்கு அதிகாரம் தந்தது. 2006-இல் வந்த அதன் விதிகள், அடித்ததற்கு நியாயம் கற்பிக்கும் வாதத்தை ஆலோசனையில் அனுமதிக்கலாகாது என்றன. தலபுராணம் எழுதியவர்களுக்குத் தோன்றாத நுட்பம் இது!

ஆகவே, குடும்பச் சண்டையைக் கொண்டு வெளியாரிடம் போவது மானக்கேடு என்று தயங்கும் இளம் இணையருக்குச் சொல்வேன்: போங்கள். போன உடனே இரண்டு கேள்வி கேளுங்கள். எங்களோடு தனித்தனியே பேசுவீர்களா? ஒருவர் தனியே சொன்னதை மற்றவருக்குச் சொல்வீர்களா, மாட்டீர்களா? விடையைத் தெளிவாகச் சொல்பவரிடம் அமருங்கள். கதையைக் கேட்குமுன்பே "சேர்த்து வைப்பது என் பொறுப்பு" என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம்.