இரண்டு லேத், ஒரு புகைக்குழல்

புகைக்குழலை வாயில் வைக்கும் ஆசை எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. அதைச் செய்கிற விதத்தில்தான் மயக்கம்.

பிரான்சின் ஜூரா மலைப்பகுதியில் உள்ள செயின்ட் குளோட் இந்தத் தொழிலுக்கு 19ஆம் நூற்றாண்டிலிருந்தே பேர்போன ஊர். மரம் பிரையர், மத்தியதரைக் கடலோரப் புதரொன்றின் வேர்முண்டு. மணிக்கணக்கில் வேகவைத்து, மாதக்கணக்கில் உலர்த்திய பிறகே பட்டறைக்கு வரும்.

தனியாளாகக் குழல் செய்யும் கைவினைஞர்கள் பலர் இரும்பு கடையும் லேத்தையும் மரம் கடையும் லேத்தையும் மாறிமாறிப் பயன்படுத்துகிறார்கள். புகை வரும் துளை சுமார் 4 மி.மீ.தான். அது புகையிலை நிரப்பும் கிண்ணத்தின் அடியில், நட்டநடுவில் போய்த் திறக்க வேண்டும். சற்று மேலே ஏறினாலும் அடிப்புகையிலை சரியாக எரியாமல் ஈரமாய்த் தங்கிவிடும். வாய்த்தண்டின் முளையோ மரத்திலுள்ள குழியில் இறுகவும் வேண்டும், கையால் திருகினால் கழலவும் வேண்டும். மயிரிழை பிசகினாலும் ஆட்டம் கண்டுவிடும். இதை இரும்பு லேத்திடம்தான் நம்பி ஒப்படைக்கலாம்.

கிண்ணத்தின் வளைவு அப்படியல்ல; அது மர லேத்தின் வேலை. உளியைத் தாங்கியில் சாய்த்து, பிடியை இடுப்போடு அணைத்தால், உடம்பே சேர்ந்து அசைகிறது. கடையும்போது மரத்தில் சிறு குழி தட்டுப்பட்டால் கை அங்கேயே வளைவை மாற்றிக்கொள்ளும். அந்தக் கணத்துக்காகவே பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது மரமும் வாய்த்தண்டும் சேரும் இடம். இரண்டு முகங்களும் இரும்பு லேத்தில் சமமாகச் சீவியவை. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஒரு கீற்றுகூட ஊடுருவாது. நகத்தை ஓட்டினால் மரம் எங்கே முடிந்தது, வாய்த்தண்டின் எபோனைட் (கெட்டி ரப்பர்) எங்கே தொடங்கியது என்பது விரலுக்குத் தெரியாது.